கல்பிட்டி வீதியில் வலப்பக்கம் திரும்புவது

அந்த யோசனை எனக்கு வந்தது ஓடுகிற பஸ்ஸில், முன் கண்ணாடியில் நெற்றி முட்டிய அதே நொடியில்.

கல்பிட்டியிலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். சாரதி பைசல் நானா எங்கள் தெருக்காரர் என்பதால் முன் இருக்கை பெரும்பாலும் எனக்குத்தான். எங்களுக்கு முன்னால் ஒரு நீல வான், வலப்பக்க லைட்டை மினுக்கிக்கொண்டு மெதுவாகப் போனது. எதிரே ஐஸ் ஏற்றிய லொறி. பைசல் நானா அவசரப்படவில்லை. வானுக்குப் பின்னாலேயே அடங்கி வந்தார். லொறி கடந்ததோ இல்லையோ, கியரைக் குறைத்து, ஹோர்னை அமுக்கி, வானைத் தாண்டுவதற்காக வலப்பக்கம் வெட்டி எடுத்தார். அதே கணத்தில் வானும் வலப்பக்கம் திரும்பியது, கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றுக்குள்.

வான் பாதித் திருப்பத்தில் நின்றுவிட்டது. பஸ் இன்னும் வலப்பக்கம் ஒதுங்கி, மணலுக்குள் சில்லு புதைய நின்றது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வானின் பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது, என் நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான்.

இரண்டு சாரதிமாரும் இறங்கினார்கள். ஏச்சுப் பேச்சு நடக்கும் என்று நினைத்தேன். நடந்தது. ஆனால் இருவர் முகத்திலும் கோபத்தைவிட ஏமாற்றம்தான் கூடுதலாக இருந்தது.

"லைட்டப் போட்டு என்னய நிப்பாட்டினது நீங்கதானே. லொறி போனாப் பொறகு நான் வராம என்ன செய்ய?" என்றார் பைசல் நானா.

"நான் திரும்பப் போறனெண்டு லைட் போட்டனான். உங்களோட கதைக்கவோ போட்டனான்?" என்றார் வான்காரர்.

இரண்டு பேரும் சொன்னது உண்மை. எங்கள் வீதிகளில் வாகனம் ஓடும் எல்லோருக்கும் தெரிந்த, எந்தப் புத்தகத்திலும் எழுதாத ஒரு வழக்கம் இருக்கிறது. முன்னால் போகிறவர் வலப்பக்க லைட் போட்டால், 'எதிரே வாகனம் வருகுது, தாண்டாதே' என்று பின்னால் வருபவருக்குச் சொல்கிறார். இடப்பக்க லைட் போட்டால், 'வீதி காலி, தாண்டிப் போ' என்கிறார். லொறிக்காரர்கள் இதில் மிகவும் கண்ணியமானவர்கள். ஆனால் அதே வலப்பக்க லைட்தான் 'நான் வலப்பக்கம் திரும்புகிறேன்' என்பதற்கும். ஆகவே வான்காரர் எதிரே வந்த லொறி போகும்வரை காத்திருந்தார், திரும்புவதற்கு. பைசல் நானாவும் அதே லொறி போகும்வரை காத்திருந்தார், தாண்டுவதற்கு. வீதி காலியான அந்த ஒரு நொடி இரண்டு பேருக்கும் ஒரே நொடி.

அந்த நேரம் நான் சாரதிப் பயிற்றுநராகி மூன்று வருடம். என்னிடம் படித்த அத்தனை பெண்களுக்கும் 'லைட்டப் போடுங்க, எதிர்ப்பக்கம் பாருங்க, திரும்புங்க' என்று மட்டுமே சொல்லியிருந்தேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இந்த விஷயத்தைப் படம் போட்டுப் பார்த்துக்கொண்டே பாலாவிச் சந்தியில் இறங்கினேன்.

எட்டு வருடம் அந்த வேலையில் இருந்துவிட்டுப் போன மாதம் விலகினேன். முப்பத்தொரு வயதில் பணிக்கால நினைவுகள் எழுத உட்காருவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு புதிய பயிற்றுநர்களும் விடுகிறார்கள் இல்லை. ஸ்டெல்லா அக்காவின் கதையை ஆளுக்கொரு விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். நடந்தபடி எழுதித் தரச் சொல்கிறார்கள். எழுதுகிறேன்.

வேலைக்கு எப்படி வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயர்தரப் பரீட்சை இரண்டு தடவை எழுதினேன். கணினி வகுப்புக்குப் போனேன், பாதியில் அலுத்தது. வாப்பாவின் பழைய காரை அவருக்குத் தெரியாமல் ஓடினேன், பிறகு தெரிந்தே ஓடினேன். பெண்களுக்குப் பழக்க ஒரு பெண் வேண்டும் என்று நிஸாம் சேர் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, அடுத்த நாளே போய் நின்றேன்.

நிஸாம் சேர் எங்கள் பயிற்சி நிலையத்தின் சொந்தக்காரர். குரல் உயராத மனிதர். கோபம் வந்தால் மரியாதை கூடும். 'தயவுசெய்து கிளட்சை விடுங்கள்' என்று எழுத்துத் தமிழில் சொன்னார் என்றால் பழகுபவருக்கு அன்றைக்குப் பெரிய பிழை. பழகுபவர் நடுவீதியில் காரை அணைத்துவிட்டால், பின்னால் பத்து வாகனம் ஹோர்ன் அடித்தாலும், சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரத் தொடங்குவார். பழகுபவர் மறுபடி ஸ்டார்ட் பண்ணி நகர்த்தும்வரை வாருவார். அந்த நேரத்தில் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்குக் கை இன்னும் நடுங்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. இன்னொரு வழக்கமும் இருந்தது. இடம், வலம் என்று ஆரம்பத்தில் சொல்லவே மாட்டார். எங்கள் வீதி கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஓடுகிறது. 'கடல் பக்கம் எடுங்க, களப்புப் பக்கம் எடுங்க' என்பார். பயத்தில் வலம் இடம் மாறிப்போகும், கடலும் களப்பும் யாருக்கும் மாறாது. ட்ரயலுக்கு, அதாவது லைசன் எடுக்கும் வீதிப் பரீட்சைக்கு, ஒரு கிழமை இருக்கும்போதுதான் இடம் வலத்துக்கு மாறுவார். நானும் அதையே பழகிக்கொண்டேன்.

பஸ்ஸில் கிடைத்த யோசனையை அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நேரத்தோடு வந்துவிட வேண்டும், பிரேக்கை மூன்று தரம் தொட்டுப் பின் லைட்டை எரிய விட வேண்டும், கடைசியாகத் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் ஒரு தடவை பார்த்த பிறகுதான் திரும்ப வேண்டும், இதற்கென்று தனியாக ஒரு பாடம் வைப்போம் என்றேன். அவர் டிக்கெட்டில் இருந்த படத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ரிஸ்னா, ட்ரயல்ல கேக்காத பாடத்தப் படிப்பிச்சா ஆக்கள் மத்த லேர்னர்ஸுக்குப் போயிடுவாங்க. லைட்டப் போட்டாப் போதும்."

நான் விடவில்லை. தனிப் பாடம் இல்லாவிட்டால் இருக்கிற பாடத்துக்குள் திணிப்போம் என்று முடிவு செய்தேன். தலையைத் திருப்பினால் முக்காடு கண்ணை மறைக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னாள். அதற்குப் பிறகு என் வகுப்பில் எல்லோரும் பின்பக்கமாக ஊசி குத்திக்கொண்டுதான் ஸ்டியரிங் பிடித்தார்கள். இப்படி மூன்று வருடம். பெரிய கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா வந்தார்.

அவரை எனக்குத் தெரியாது, ஆனால் அவருடைய வானைத் தெரியும். அந்த நீல வான்தான். அதை ஓடிய பிலிப் அண்ணன் அவருடைய கணவர். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து வந்து தலவிலப் பக்கம் குடியேறியவர்கள். எட்டுப் பிள்ளைகளைக் கல்பிட்டிப் பக்கம் இருக்கும் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவது அவர்கள் தொழில். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பிலிப் அண்ணனின் கண்ணுக்கு ஏறிவிட்டது; உருவம் தெரியும், தூரம் தெரியாது. ஸ்டெல்லா அக்கா வேறிடத்தில் பழகி லைசன் எடுத்துவிட்டார். ஆனாலும் அந்தப் பாடசாலைத் தவணை முழுக்கப் பிள்ளைகளின் தாய்மார்தான் ஓட்டோவிலும் பஸ்ஸிலுமாகச் சமாளித்தார்கள். அடுத்த தவணை தொடங்கும் நாள்வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இன்னொரு வான்காரர் ஏற்கெனவே வீடு வீடாக வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த ஓட்டம் போனால் இவர்களுக்கு வேறு ஒன்றும் இல்லை.

"எனக்கு எல்லாம் வரும் மிஸ். வலதுதான் வராது," என்றார் ஸ்டெல்லா அக்கா.

நிஸாம் சேர் மேசைக்குப் பின்னாலிருந்து, லைசன் எடுத்தவருக்கு நாங்கள் பழக்க ஒன்றும் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார். என் சொந்த நேரத்தில் போகிறேன் என்றேன். காரைத் தர மாட்டேன் என்றார், அதையும் மரியாதையாக. ஆகவே அவர்களுடைய வானிலேயே பழகுவதென்று ஆனது. பயிற்சிக் காரில் இடப்பக்க இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும். வானில் இல்லை. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பாடசாலை விடுமுறை நாள். முதல் ஓட்டம். காலையில் பிள்ளைகளை ஏற்றும் வழி எல்லாமே இடப்பக்கத் திருப்பம். ஒழுங்கைகள் கடல் பக்கம் என்பதால் கல்பிட்டிக்குப் போகும்போது அப்படி அமைகிறது. ஸ்டெல்லா அக்கா தண்ணீர் ஓடுவதுபோல் ஓடினார். திரும்பி வரும்போது அதே ஒழுங்கைகள் எல்லாம் வலப்பக்கம் வந்துவிடுகின்றன. முதலாவது ஒழுங்கை வந்தது. வான் நிற்காமல் நேரே போனது.

"அக்கா, ஒழுங்கை போயிட்டுது."

"தெரியும் மிஸ். பேசாம இருங்கோ, இப்ப திரும்பி வரும்."

பின் இருக்கையிலிருந்து பிலிப் அண்ணன் சிரித்தார். ஒரு கிலோமீற்றர் தள்ளி, களப்புப் பக்கம், வெங்காயக் களஞ்சியம் ஒன்றின் அகலமான முற்றம். ஸ்டெல்லா அக்கா இடப்பக்க லைட் போட்டு அதற்குள் நுழைந்தார், வட்டமடித்தார், வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார், வீதியைக் கடந்து வலப்பக்கம் திரும்பிக் கல்பிட்டிப் பக்கமாக வந்து, ஒழுங்கைக்குள் இடப்பக்கமாக இறங்கினார். அடுத்த ஒழுங்கைக்கும் இதே சுற்று. நாலு ஒழுங்கைக்கும் நாலு சுற்று.

நானும் முதலில் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டது. முற்றத்து வாசலில் அவர் வலப்பக்கம்தானே திரும்புகிறார், அதுவும் ஒரு தயக்கமும் இல்லாமல். வலப்பக்கம் அவருக்கு வராமல் இல்லை. வாசலில் நிற்கும்போது அவருக்குப் பின்னால் யாரும் இல்லை, அவ்வளவுதான். அவர் பயந்தது முதுகுக்கு. கணவரின் வான் கண்ணாடி உடைந்த கதையை எத்தனை தடவை கேட்டிருப்பார்.

இதைச் சொன்னதும் ஸ்டெல்லா அக்கா, இப்படியே சுற்றி வந்தால் என்ன குறை என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிலிப் அண்ணன்தான் பதில் சொன்னார்: களஞ்சியக்காரர் அடுத்த கிழமை முற்றத்துக்குக் கேற்றுப் போட்டுப் பூட்டப் போகிறார். அதற்குப் பிறகு வானைத் திருப்ப அகலமான இடம் பக்கத்தில் கிடையாது.

அடுத்த நாள் என் பாடத்தைத் தொடங்கினேன். நடுக்கோடு, மூன்று தரம் பிரேக், தோளுக்கு மேலால் பார்வை. வெறும் வீதியில் நன்றாகவே செய்தார். மூன்றாம் நாள் பின்னேரம் நல்ல வாகன நெரிசலில் பார்ப்போம் என்றேன். அது என் அவசரம்.

ஸ்டெல்லா அக்கா நடுக்கோட்டுக்கு வந்தார், லைட் போட்டார், நின்றார். எதிரே டிப்பர் ஒன்று. பின்னால் ஒரு பஸ் வேகத்தை அடக்கிக்கொண்டு வந்தது. டிப்பர் எங்களைக் கடந்தது. எதிர்ப்பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் காலி. எனக்கு ஒரே சந்தோஷம்.

"இப்ப எடுங்க அக்கா, கடல் பக்கம்."

"நில்லு. பஸ்காரன் கியரைக் குறைக்கிறான்," என்றார் பின்னாலிருந்து பிலிப் அண்ணன்.

என் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. வெறும் தகரம். வான் அசையவில்லை. எங்கள் வலப்பக்கக் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி, நாங்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தால், அந்த பஸ் முழு நீளமாகப் போய் முடிந்தது. காற்றில் வான் ஆடியது.

தோளுக்கு மேலால் பார் என்று மூன்று வருடமாகப் படிப்பித்தவள் நான். டிப்பர் போனதும் முன்னால் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பார்வை மங்கிய மனிதருக்குப் பின்னால் வந்த பஸ்ஸின் சத்தம் கேட்டிருக்கிறது.

இடப்பக்க ஓரத்தில் வானை நிறுத்தி இறங்கினோம். மூன்று பேரும் வேலியோரம் குந்தினோம். நான் ஸ்டெல்லா அக்காவிடம், பிழை என்னுடையது, என் சொல்லைக் கேட்டிருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்று நேராகச் சொன்னேன். அவர் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினார்.

"நான் அவர் சொன்னதைக் கேட்டு நிக்கேல்ல மிஸ். ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொன்னா நான் நிக்கத்தானே வேணும்."

அதற்குத்தான் மூவரும் சிரித்தோம், அழுகிற மாதிரி.

பிறகு ஸ்டெல்லா அக்கா எழுந்து, ஓட்டத்தை மற்ற வான்காரரிடமே கொடுத்துவிடலாம் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், மீன் வாங்க வேண்டாம் என்று சொல்வதுபோல. எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுவீதியில் இப்படி நிற்க அவரால் முடியாது. பிலிப் அண்ணன் மறுக்கவில்லை. எனக்கும் மறுக்க வாய் வரவில்லை. சற்று முன் 'எடுங்க' என்று சொன்ன வாய்.

பிலிப் அண்ணன் மணலை அளைந்தபடி, பாதி அலுப்போடு, பாதி பகிடியாகச் சொன்னார்: "வலது லைட்டைப் போட்டா ஒருத்தனுக்கும் விளங்காது. இடது லைட்டைப் போட்டுப் பார், முழு உலகமும் எங்களைத் தாண்டிப் போகும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். மறுபடி சொல்லச் சொன்னேன். அவர் நான் கோபப்படுகிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

வலப்பக்க லைட்டுக்கு எங்கள் வீதியில் இரண்டு அர்த்தம், இரண்டும் ஒன்றோடொன்று சண்டை. இடப்பக்க லைட்டுக்கும் இரண்டு அர்த்தம்தான்: 'நான் இடப்பக்கம் ஒதுங்குகிறேன்', 'நீ தாண்டிப் போ'. ஆனால் இந்த இரண்டும் ஒரே விஷயம். எந்த விதமாக விளங்கினாலும் பின்னால் வருபவர் செய்யப்போவது நமக்குத் தேவையானதைத்தான். ஆகவே நடுவீதியில் நிற்கவே வேண்டாம். ஒழுங்கை வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்கம் ஒதுங்கி, பின்னால் உள்ள எல்லோரையும் போக விட்டு, முதுகு வெறுமையான பிறகு, வீதியைக் கடக்கலாம். முற்றத்து வாசலில் ஸ்டெல்லா அக்கா செய்ததும் இதுதானே. அந்த முற்றத்தையே ஒவ்வொரு ஒழுங்கைக்கும் எதிரில் கொண்டுவந்து வைக்கப் போகிறோம். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். ஸ்டெல்லா அக்கா பிலிப் அண்ணனைப் பார்த்தார். "சரி வரும் போலக் கிடக்கு" என்றார் அவர்.

அடுத்த நாலு நாளும் நான் என் வாழ்க்கையில் அப்படி வேலை செய்ததில்லை. முதல் நாள் வானைத் தொடவே இல்லை, நடந்தோம். எங்கள் வீதியோர மணல் நம்பத் தகாதது. மேலே இறுகிக் கிடக்கும், சில்லு ஏறினால் உள்ளே இழுக்கும். நாலு ஒழுங்கைக்கும் எதிரே களப்புப் பக்கத்தில், எந்த இடத்தில் நிலம் வானைத் தாங்கும் என்று குதிகாலால் குத்திக் குத்திப் பார்த்தோம். இரண்டு இடம் நல்ல கிறவல் தரை. ஒன்றில் ஒரு பனையடி தாங்கியது. நாலாவதில் ஒன்றும் சரிவரவில்லை; பிலிப் அண்ணன் யாரையோ பிடித்து நாலு வண்டில் கல் பறித்துக் கொட்டி மிதித்தார். ஒவ்வொரு இடத்திலும், எங்கே முன் சில்லு நிற்க வேண்டுமோ அங்கே, சுண்ணாம்பு பூசிய கல் ஒன்று.

பிறகு முறை. புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை விபரமாகவே எழுதுகிறேன். கல் கண்ணில் பட்டதும் உட்கண்ணாடியும் இடப்பக்கக் கண்ணாடியும். ஓரத்தால் சைக்கிள் வரக்கூடும். இடப்பக்க லைட். பிரேக்கை மெல்ல மூன்று தரம். ஒதுங்கி, கல்லில் நின்று, கைப் பிரேக். லைட்டை அணைத்துவிட வேண்டும். அணைக்காமல் விட்டால் பின்னால் வருபவர் எங்களுக்காகவே யோசித்துக்கொண்டு நிற்பார். இனி ஒன்றும் செய்யக்கூடாது. இந்த ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் கடினம், கை தானாக கியருக்குப் போகும். பின்னால் உள்ளது எல்லாம் போன பிறகு வலப்பக்க லைட். கண்ணாடி. தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால். எதிர்ப்பக்கம். திரும்பவும் தோளுக்கு மேலால், ஏனென்றால் எதிர்ப்பக்கம் பார்த்த நேரத்தில் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் முளைத்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெறுமையாக இருந்தால் மட்டும் கடப்பது. ஒரு பக்கம் சந்தேகம் என்றாலும் இருந்த இடத்திலேயே இருப்பது. யார் சொன்னாலும் சரி, பயிற்றுநர் சொன்னாலும் சரி, ஓடுகிறவர் தன் கண்ணால் பார்க்காமல் எடுக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியை என் காதில் விழும்படி ஸ்டெல்லா அக்காவை உரத்துச் சொல்ல வைத்தேன்.

மூன்றாம் நாள், பனையடியில் நின்றுகொண்டிருந்தபோது, எதிர்ப்பக்க நிழலில் எங்கள் பயிற்சிக் கார் நிற்பதைக் கண்டேன். நிஸாம் சேர் கதவில் சாய்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். பஸ் ஒன்று எங்களைத் தாண்டியது, ஓட்டோ ஒன்று தாண்டியது, வான் கடந்து ஒழுங்கைக்குள் போனது. அவர் வீதியைக் கடந்து என்னிடம் வந்தார்.

"இடது லைட்டா?"

"ஓம் சேர்."

அந்த வெள்ளைக் கல்லைச் சப்பாத்து நுனியால் தட்டிப் பார்த்தார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த கிழமை, ட்ரயல் முடித்த பெண் ஒருவரை அவர் வலியக் கூப்பிட்டு, வீதியோரம் ஒதுங்கிக் கடப்பதைப் பழக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்னைக் கண்டதும் சீப்பை எடுத்தார்.

தவணை தொடங்கிய நாள் பின்னேரம், நான் வானுக்குள் இல்லை. ஏறச் சொல்லி ஸ்டெல்லா அக்கா கேட்கவும் இல்லை. முதலாவது ஒழுங்கை வாசலில், மூன்று தாய்மாரோடும் பிலிப் அண்ணனோடும் நின்றேன். தாய்மாரில் ஒருத்தி மற்ற வான்காரரின் இலக்கத்தை போனில் எடுத்து வைத்துக்கொண்டுதான் நின்றாள். தப்பில்லை, அவள் பிள்ளை உள்ளே.

நீல வான் தூரத்தில் தெரிந்தது. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் மீன் லொறி, இன்னும் என்னவோ. இடப்பக்க லைட் மினுங்கியது. வான் கல்லுக்கு ஒதுங்கி நின்றது. பஸ் போனது. லொறி போனது, போகும்போது நன்றி சொல்வதுபோல் ஹோர்னை ஒரு தட்டுத் தட்டியது. இரண்டு மோட்டார் சைக்கிள். பிறகு எதிர்ப்பக்கமிருந்து ஒரு கார் வர, அது போகும்வரை. அதற்குள் பின்னால் இன்னொரு வான், அது போகும்வரை. வாசலில் நின்ற எங்களுக்கு அது ஒரு யுகம். 'என்னத்துக்கு நிக்கிறா' என்று ஒருத்தி முணுமுணுத்தாள். வீதி அமைதியானது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். உள்ளே ஸ்டெல்லா அக்காவின் தலை வலப்பக்கம் திரும்பியது, நேரே வந்தது, மறுபடி வலப்பக்கம் திரும்பியது. வான் அசைந்தது. வீதியைக் குறுக்கே கடந்து, எங்கள் காலடி மணலைக் கிளப்பிக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கியது.

போன் வைத்திருந்தவள் பிள்ளையை இறக்கிவிட்டு, நாளைக்குக் கொஞ்சம் நேரத்தோடு வரச் சொல்லிக் கேட்டாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. பிலிப் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஓட்டம் இன்றைக்கும் ஸ்டெல்லா அக்காவிடம்தான் இருக்கிறது. பிள்ளைகள் எட்டுப் பேரும் அதே வானில்தான்.

நான் வேலையை விட்டதற்குக் காரணமும் அந்த அனுபவம்தான். ட்ரயலுக்குப் பழக்க ஆட்கள் இருக்கிறார்கள், நன்றாகப் பழக்குகிறார்கள். லைசனைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு திருப்பத்தைக் கண்டு பயந்து, வீட்டுக்குச் சொல்லாமல் சுற்றிப் போகிறவர்களை யாரும் பழக்குவதில்லை. அவர்களுக்காக மட்டும் ஒரு வகுப்புத் தொடங்குகிறேன். நிஸாம் சேர் பயிற்சிக் காரை இரண்டு நாளைக்கு ஒரு முறை தருவதாகச் சொல்லியிருக்கிறார், இந்த முறை மரியாதை இல்லாமல்.

வகுப்பின் முதல் ஆளும் ஸ்டெல்லா அக்காதான். அடுத்த கிழமை பிலிப் அண்ணனுக்குக் கொழும்பில் கண் சத்திரசிகிச்சை. பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டி வர முடியாது, வானில் தானே கொண்டுபோகிறேன் என்று தேதி கொடுத்த நாளிலேயே சொல்லிவிட்டார். கட்டுநாயக்கவுக்கு அங்கால் அதிவேகப் பாதை. அங்கே ஒழுங்கை மாறத் தெரிய வேண்டும் என்றேன்.

"ஒழுங்கை மாறிப் போனா வேற ஆக்களின்ர வீட்டுக்கெல்லோ போவம்?" என்று கேட்டார். எங்களுக்கு ஒழுங்கை என்றால் வேலிக்கு நடுவே மணல். அங்கே ஒழுங்கை என்பது தாரில் கீறிய வெள்ளைக் கோடு என்று விளங்கப்படுத்தினேன். அங்கே இடப்பக்க லைட் போட்டால் யாரும் அதைத் தாண்டச் சொல்வதாக எடுக்க மாட்டார்கள், 'நான் உன் ஒழுங்கைக்குள் வருகிறேன்' என்று மட்டும்தான் எடுப்பார்கள். போட்டுவிட்டு இங்கே போல மெதுவானால் பின்னால் வருபவர் எங்கள் மேல் மோதித்தான் நிற்பார். நான் கஷ்டப்பட்டுப் பழக்கியதில் பாதியை நானே மறக்கப் பண்ண வேண்டும். நானும் அந்தப் பாதையில் ஓடியது இரண்டே தடவை. அதைச் சொல்லியும்விட்டேன்.

உப்பளத்துக்குப் பின்னால் உள்ள வெறும் மைதானத்தில் நேற்று மூவருமாகச் சுண்ணாம்பால் நாலு நீளக் கோடு போட்டோம், மூன்று ஒழுங்கை. பிலிப் அண்ணன் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கண் தெளிந்த பிறகு வானை மறுபடி தானே ஓடலாம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"கண் தெளிஞ்சா வடிவாப் பாருங்கோ, நான் ஓடுறதை," என்றார் ஸ்டெல்லா அக்கா, சுண்ணாம்பிலிருந்து தலை தூக்காமல்.

நாளை காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறோம். நிஸாம் சேர் பயிற்சிக் காரோடு பின்னால் வருவார். முதல் பயிற்சி, நடு ஒழுங்கையிலிருந்து இடது ஒழுங்கைக்கு, மணிக்கு முப்பது கிலோமீற்றரில்: கண்ணாடி, லைட், தோளுக்கு மேலால், மெல்லச் சாய்வு, பிரேக்கைத் தொடாமல். தொட்டால் மறுபடி முதலிலிருந்து. அந்த முப்பது வேகத்தில் பத்துத் தடவை சரியாக வந்தால், அடுத்து நாற்பது.